அர்ச். கிறிசோஸ்தோம் அருளப்பரும் மெய்யான ஆராதனையும்



கிரேக்க ரீதியைச் சேர்ந்த கீழ்த்திசைக் கிறிஸ்தவர்கள் வருஷத்தில் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் நிறைவேற்றும் பலிபூசை முறைக்கு ஒரு மேற்றிராணியாருடைய பெயர் வழங்கி வருகிறது. பூசை முறைக்கே தம் பெயர் நிலைத்த அந்த மேற்றிராணியாரை, 403-ம் ஆண்டில், வேறு மேற்றிராணிமார் சிலர் கூடி விசாரணைக்கு இழுத்தார்கள். அவர் பேரில் எழுதிய குற்றப் பட்டியல் இன்றும் நமக்குக் கிடைக்கிறது. அதில் ஒரு குற்றம், ஒரு கோவிலை அலங்கரிப்பதற்காக அவருக்கு முந்தினவர் சேர்த்து வைத்திருந்த சலவைக்கற்களை அவர் விற்றுவிட்டார் என்பது. கோவில் திரவியங்களையும் விற்றார் என்பது இன்னொன்று. எவரையும் விருந்துக்கு அழையாமல் தனியே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பதுகூட அதில் ஒரு குற்றம்!

அவர்தான் அர்ச். கிறிசோஸ்தோம் அருளப்பர். கிறிசோஸ்தோம் என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் பொன்வாயர் என்று பொருள். அவருடைய வாயை உலகம் அறியும். அவருடைய வரவுசெலவுக் கணக்கை நம்மில் அநேகர் அறியோம். சர்வேசுரனை மெய்யாக ஆராதிப்பது எப்படி என்று அவர் கற்பித்த பாடத்தில் பாதி அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஆகையால் அதைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

சீரியா தேசத்தின் தலைநகராயிருந்த அந்தியோக்கியாவில், 347-ம் ஆண்டையொட்டி அவர் பிறந்தார். அந்த ஊர் இப்போது துருக்கி நாட்டில் சேர்ந்திருக்கிறது. சேனையில் உயர்ந்த உத்தியோகம் வகித்த அவர் தகப்பனார், பிள்ளை கைக்குழந்தையாயிருக்கும்போதே இறந்துபோனார். தாயார் அந்தூசா அப்போது இருபது வயதுப் பெண். மறுமணம் வேண்டாமென்று மறுத்து, பிள்ளையை வளர்ப்பதே தன் வேலையாகக் கொண்டாள். அக்காலத்தில் நாவன்மைக்குப் பேர்போன லிபானியுஸ் என்னும் அஞ்ஞான ஆசிரியரிடம் மகனைப் படிக்க வைத்தாள். நியாயஸ்தலத்திலும் அரண்மனையிலும் பெரும் பேரெடுக்கத் தக்க வாலிபன், ஞானஸ்நானம் பெற்றபின் மலையை நாடினார். வயோதிகரான ஒரு வனவாசியிடம் நான்கு வருஷமும், தனியே ஒரு குகையில் இரண்டு வருஷமும் தபசு செய்தார். நித்திரையை ஒறுத்து, வேதாகமத்தை மனப்பாடம் செய்துகொண்டு, குளிரில் கிடந்ததால் வயிறும் சிறுநீரகங்களும் பழுதாயின. மீண்டும் ஊருக்கே திரும்பவேண்டியதாயிற்று. அளவு மீறிவிட்டார் என்றே சொல்லவேண்டும். அந்த ஆறு வருஷத்தின் வேதனையைச் சாகுமட்டும் சுமந்தார். ஆனால் உடம்பு கெடாதிருந்தால் அந்தியோக்கியாவின் ஏழைகள் அவரைக் கண்டிருக்கமாட்டார்கள்.

381-ல் தியாக்கோன் பட்டம் பெற்றார். அக்காலத்துத் தியாக்கோன்மாருக்குப் பீடத்தண்டையிலும் வேலை, ஏழைகளின் வீட்டிலும் வேலை. அந்தியோக்கியா திருச்சபையின் ஏட்டில் பெயர் எழுதப்பட்டு, நாள்தோறும் போஷிக்கப்பட்ட விதவைகளும் கன்னிகைகளும் மாத்திரம் 3000 பேர். சிறையிலிருப்போர், நோயாளிகள், பரதேசிகள் எல்லாம் இதற்குப் புறம்பு. இந்தத் தொகை அவர் தம்முடைய பிரசங்கத்தில் சொன்னதே. அதே பிரசங்கத்தில் அவர் ஒரு கணக்கும் போட்டுக் காட்டினார். ஊரில் பத்தில் ஒரு பங்கு செல்வர், பத்தில் ஒரு பங்கு ஒன்றுமில்லாதவர்கள், மீதிப்பேர் நடுத்தரம் என்று வைத்துக்கொண்டால், கொடுக்கக்கூடியவர்கள் ஐம்பது பேருக்கு, ஏன் நூறு பேருக்கு, ஒரு ஏழைகூட வருவது அரிது என்றார். அப்படியிருக்க ஊரில் பசி ஏன் என்று அவர் கேட்டதற்கு, கேட்டிருந்தவர்களிடம் பதில் இருந்திருக்க நியாயமில்லை.

386-ல் குருப்பட்டம் பெற்று, பன்னிரண்டு வருஷம் அந்தியோக்கியாவில் பிரசங்கித்தார். அர்ச். மத்தேயு சுவிசேஷத்தின்பேரில் அவர் செய்த தொண்ணூறு பிரசங்கங்களில் ஐம்பதாவது பிரசங்கத்தைத்தான் நீர் முக்கியமாய் அறியவேண்டும். அதன் கருத்தைச் சுருக்கிச் சொல்லுகிறேன். அப்பத்தைக் காட்டி இது என் சரீரம் என்றுரைத்தவரும், நான் பசித்திருந்தபோது நீங்கள் போஷிக்கவில்லை என்று நடுத்தீர்வையில் சொல்லப்போகிறவரும் ஒருவரே. முந்தின வாக்கியத்தை விசுவசித்து முழந்தாளிடுகிற நாம், பிந்தின வாக்கியம் காதில் விழாததுபோல் வாசலைக் கடந்து போகிறோம். கோவிலுக்குள் அவரைப் பட்டினால் போர்த்துகிறோம். வெளியே குளிரில் நடுங்குகிறவரும் அவரே. பீடத்தின்மேல் பொன் பாத்திரம் வைக்கிறோம். வெளியே ஒரு குவளைத் தண்ணீரில்லாமல் நிற்கிறவரும் அவரே. விளக்குகளுக்கு வெள்ளிச் சங்கிலி மாட்டுகிறோம். சிறையில் இரும்புச் சங்கிலியில் கிடக்கிற அவரைப் போய்ப் பார்க்கிறதில்லை.

கோவிலுக்குக் காணிக்கை கொடுப்பதை அவர் தடுக்கவில்லை. இதை நன்றாய்க் கவனியும். கோவிலை அலங்கரியுங்கள், ஆனால் அதற்கு முன்னே சகோதரனைப் பாருங்கள் என்பதே அவர் கட்டளை. அவர் காட்டிய நியாயமும் எளிது. கோவிலைச் சிங்காரிக்கவில்லை என்பதற்காக எவனும் ஆக்கினைக்குள்ளானதாக வேதத்தில் இல்லை. ஏழையைக் கைவிட்டவனுக்கோ நரக அக்கினி சொல்லப்பட்டிருக்கிறது.

இதைவிடக் கூர்மையாக ஒன்று சொன்னார். அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தை விளக்கும்போது, இரண்டு பீடங்களைப்பற்றிப் பேசினார். கோவிலிலுள்ள கற்பீடம் கிறிஸ்துநாதருடைய சரீரத்தைத் தாங்குவதனால் பரிசுத்தமாகிறது. ஏழையென்னும் பீடமோ கிறிஸ்துநாதருடைய சரீரமாகவே இருக்கிறது. இந்தப் பீடம் சந்துகளிலும் சந்தைவெளிகளிலும் கிடக்கிறது. எந்த நேரத்திலும் இதன்மேல் பலி செலுத்தலாம். பிச்சைக்காரனைக் காணும்போது ஒரு பீடத்தைக் காண்பதாக எண்ணிக்கொள்ளும்படி ஜனங்களுக்குச் சொன்னார். அந்தப் பீடத்தை அவமதிக்கிறது இருக்கட்டும், மற்றவர்கள் அதை அவமதிக்கிறபோதும் தடுக்கவேண்டும் என்றார்.

இதை வாசிக்கிற யாராவது, அப்படியானால் பூசைக்குப் போவதைக் காட்டிலும் தர்மம் செய்தால் போதும் என்று முடிவுகட்டிக்கொள்ளக்கூடும். அந்தச் சௌகரியத்தை அருளப்பர் நமக்குத் தரவில்லை. அவர் காலத்து ஜனங்கள் நாடகம் பார்க்க வருவதுபோல் அவர் பிரசங்கத்துக்கு வந்து, கை தட்டி ஆரவாரம் செய்து, பிரசங்கம் முடிந்ததும் கலைந்து போய்விடுவார்கள். திவ்விய பலி தொடங்கும் நேரத்தில் கோவில் காலியாயிருக்கும். நெருக்கடியில் மடியறுக்கும் திருடர்களும் உள்ளே புகுந்தார்கள். ஆகையால் பணப்பையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்றும் அவர் சொல்லவேண்டியிருந்தது. ஊழியனுடைய பேச்சைக் கேட்க இத்தனை பேர், ஆண்டவர் தாமே வரும் நேரத்தில் ஒருவருமில்லையா என்று அவர் மனம் நொந்து கண்டித்தார். பிற்காலத்தில் கைதட்டக் கூடாதென்று கண்டித்துப் பேசியபோது, அதற்கும் கைதட்டினார்களாம். பிரசங்கம் செய்கிறவர்களுக்கு இதில் சிரிப்பும் உண்டு, பயமும் உண்டு.

387-ல் அந்தியோக்கியாவுக்கு ஒரு பெரிய இடர் வந்தது. தெயோதோசியுஸ் சக்கரவர்த்தி விதித்த புது வரியால் கொதித்த ஜனக்கும்பல், சக்கரவர்த்தி குடும்பத்தாரின் சிலைகளைத் தள்ளி உடைத்தது. ஊரையே அழித்துவிடுவார் என்று எல்லோரும் நடுங்கினார்கள். முதியவரான பிளாவியான் மேற்றிராணியார், மரணப்படுக்கையிலிருந்த தம் சகோதரியையும் விட்டு, குளிர்காலத்தில் தலைநகருக்கு மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டார். அந்தத் தபசுக்காலம் முழுவதும் ஊரைத் தேற்றியவர் அருளப்பர். நாடகசாலைகள் மூடப்பட்டன, கோவில் நிரம்பி வழிந்தது. பயத்தால் வந்த கூட்டத்தைக் கண்டு அவர் மயங்கவில்லை. மாமிசத்தை விலக்கி உபவாசம் பிடித்துக்கொண்டே சகோதரனைப் புறங்கூறுகிறவன், அவன் சதையையே கடித்துத் தின்கிறான். வாய் மாத்திரமல்ல, கண்ணும் காதும் கையும் காலும் உபவாசிக்கட்டும் என்று கற்பித்தார். பாஸ்கா சமயத்தில் மன்னிப்பு வந்து சேர்ந்தது.

இந்தக் காலத்திலேதான் அவர் யூதர்களைக் குறித்து மிகவும் கடினமான வார்த்தைகளைப் பேசினார். பின்வந்த நூற்றாண்டுகளில் தீயோர் அவற்றை எடுத்துத் தங்கள் பகைக்கு ஆயுதமாக்கினார்கள். அர்ச்சியசிஷ்டவர்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அர்ச்சியசிஷ்டமானதல்ல. 1965-ல் வத்திக்கான் சங்கம் யூதர்களைப்பற்றிப் போதித்ததே நாம் கைக்கொள்ளவேண்டியது.

அவருடைய புகழ் தலைநகர்வரை எட்டிற்று. கொன்ஸ்தாந்தினோபிள் மேற்றிராணியார் நெக்தாரியுஸ் 397-ல் இறந்தபோது, அரண்மனையில் சகலத்தையும் ஆட்டிவைத்த எவுத்ரோப்பியுஸ் என்னும் மந்திரி, அருளப்பரை அந்தியோக்கியா ஜனங்களுக்குத் தெரியாமல் தலைநகருக்குக் கொண்டுபோகச் செய்தான். ஊரார் அறிந்தால் விடமாட்டார்கள். 398-ல் அபிஷேகம் நடந்தது. நன்றாய்ப் பேசத் தெரிந்த ஒரு அரண்மனை அலங்காரம் கிடைத்தது என்று மந்திரி நினைத்திருக்கவேண்டும்.

வந்தவர் முதலாவதாகக் கணக்கேடுகளை எடுத்தார். மேற்றிராணியார் மாளிகைச் செலவு அவர் கண்ணுக்கு மிதமிஞ்சியதாகத் தோன்றியது. அதை நிறுத்தி, அந்தப் பணத்தை ஆஸ்பத்திரிக்கு மாற்றினார். அது போதாதென்று இன்னும் பல ஆஸ்பத்திரிகளைக் கட்டி, இரண்டு குருக்களை மேற்பார்வைக்கு வைத்து, வைத்தியர்களையும் சமையற்காரர்களையும் நியமித்தார். பரதேசியாக ஊருக்குள் வந்து நோயில் விழுகிறவனுக்கு அங்கே இடம் கிடைத்தது. விருந்துகள் நின்றன. அரண்மனைப் பிரபுக்களுக்கும், அவர்களோடு பந்தியிருந்து பழகிய மேற்றிராணிமாருக்கும் இது பிடிக்கவில்லை. தனியே சாப்பிடுகிறார் என்ற குற்றச்சாட்டின் வேர் இதுவே. கெட்டுப்போன வயிற்றுக்கு அவர் சாப்பிட்டது கஞ்சிக்குச் சமானம் என்பதை அவர்கள் எழுதவில்லை.

தலைநகரில் கோத்தர் என்னும் அந்நிய ஜாதியார் அநேகர் இருந்தார்கள். நாகரிகமற்றவர்கள் என்று கிரேக்கர்கள் அவர்களைத் தாழ்வாய் நினைத்தார்கள். அருளப்பர் அவர்களுக்கென்று ஒரு கோவிலைக் கொடுத்து, அவர்கள் பாஷையிலேயே வேதம் வாசிக்கச் செய்து, துபாஷியை வைத்துத் தாமே போய்ப் பிரசங்கித்தார்.

399-ல் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அவரை உயர்த்திய எவுத்ரோப்பியுஸ், கோவிலில் அடைக்கலம் புகுவோருக்கு இருந்த உரிமையைச் சட்டம் போட்டுக் குறைத்திருந்தான். தன் விரோதிகள் பீடத்தைப் பிடித்துத் தப்பிவிடுகிறார்களே என்ற ஆத்திரம் அவனுக்கு. அவனே அவ்வாண்டில் சக்கரவர்த்தியின் கோபத்துக்கு ஆளானான். போக்கிடம் எது? ஓடிவந்து அதே கோவிலில், அதே பீடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சேவகர்கள் வாசலில் நின்று அவன் தலையைக் கேட்டார்கள். அருளப்பர் கொடுக்கவில்லை. மறுநாள் கோவில் கொள்ளாத கூட்டம். அவன் பீடத்தடியில் நடுங்கிக்கொண்டிருக்க, அருளப்பர் பிரசங்கித்தார். உலக மகிமை பூவைப்போல் உதிர்வதைக் காட்டினார். அவனுடைய பழைய செருக்கையும் மறைக்கவில்லை. ஆனால் முடிவில், இவனை மன்னிக்காமல் நீங்கள் எப்படிப் பலியில் பங்குபெற்று, எங்கள் கடன்களை மன்னியும் என்று கேட்கப்போகிறீர்கள் என்ற கருத்தை வைத்தார். பழிவாங்க வந்த ஜனங்கள் அழுதார்களென்று அறிகிறோம். எவுத்ரோப்பியுஸ் பிறகு கோவிலைவிட்டு வெளியேறி, சீப்புரு தீவுக்கு நாடுகடத்தப்பட்டு, கடைசியில் கொல்லப்பட்டான். பீடத்தடியில் இருந்தமட்டும் அவனை ஒருவரும் தொடவில்லை.

அதே 399-ல் பெரிய வெள்ளிக்கிழமையன்று ஜனங்கள் கோவிலை விட்டுவிட்டுக் குதிரைப் பந்தயத்துக்கு ஓடினார்கள். மறுநாள் நாடகசாலைக்கு ஓடினார்கள். அருளப்பர் அதைக் கண்டித்த பிரசங்கம் தந்தை பிள்ளைகளைப்பற்றி அழுவதுபோல் இருக்கிறது.

எவுதோக்சியா மகாராணிக்கும் அவருக்கும் நடந்த கதை துக்ககரமானது. தொடக்கத்தில் மகாராணி பக்தியுள்ளவளாகவே காணப்பட்டாள். வேதசாட்சிகளின் பரிசுத்த பண்டங்களை நகருக்கு வெளியிலுள்ள ஆலயத்துக்கு இராத்திரியில் சுற்றுப்பிரகாரமாய்க் கொண்டுபோனபோது, கிரீடத்தைக் களைந்துவிட்டு ஒரு வேலைக்காரியைப்போல் கூடவே நடந்து வந்தாள். அருளப்பரும் அவளை மெச்சிப் பேசினார். ஆனால் ஐசுவரியத்தையும் ஆடம்பரத்தையும் அவர் கண்டிக்கும்போதெல்லாம் அரண்மனையில் அது தங்களுக்குச் சொன்னதாகப் பட்டது. இரவெல்லாம் தீபமேந்தி நடக்க முடிந்த அதே மனதால், ஒரு கண்டனத்தைத் தாங்க முடியவில்லை. அவர் பக்கத்திலும் குறை உண்டு. நயமாகச் சொல்லக்கூடியதை அவர் பலமுறை நறுக்கென்று சொன்னார். குருக்களைத் திருத்துவதிலும் சாந்தம் போதவில்லை. பகைவர்கள் சேர்ந்தார்கள். அலெக்சாந்திரியா மேற்றிராணியார் தெயோபிலுஸ் அவர்களுக்குத் தலைவரானார். 403-ல், கல்சேதோன் அருகே கருவாலி மரம் என்னும் இடத்தில் கூடிய கூட்டத்தில்தான் நாம் முதலிலே சொன்ன குற்றப் பட்டியல் வாசிக்கப்பட்டது. தம்முடைய வெளிப்படையான விரோதிகள் நீதிபதிகளாயிருக்கக் கூடாதென்று அவர் சொல்லி, போக மறுத்தார். அவரைப் பதவியிலிருந்து தள்ளி நாடுகடத்தினார்கள். அரண்மனையில் நேர்ந்த ஒரு துன்பத்தால் மகாராணி பயந்துபோய் உடனே திரும்ப அழைத்தாள். ஆனால் சமாதானம் சில மாதங்கள்கூட நிலைக்கவில்லை. கோவிலுக்குச் சமீபத்தில் மகாராணியின் வெள்ளிச் சிலையை நாட்டி, கூத்தும் ஆட்டமுமாய்க் கொண்டாடிய இரைச்சல் பூசையைக் குழப்பிற்று. அவர் அதைக் கண்டித்தார். பழைய பகை மூண்டது.

404-ம் ஆண்டு பெரிய சனிக்கிழமை இராத்திரி, ஞானஸ்நானம் பெறப்போகிறவர்கள் தொட்டியண்டையில் நிற்கும்போது, ஆயுதமேந்திய சேவகர்கள் கோவிலுக்குள் பாய்ந்தார்கள். ஞானஸ்நானத் தண்ணீரில் இரத்தம் கலந்தது. கலைந்த ஜனங்கள் ஒரு பொதுக் குளிப்பிடத்தில் கூடி, அங்கே பாஸ்கா சடங்கை நடத்த முயன்றார்கள். அங்கிருந்தும் அடித்து விரட்டப்பட்டார்கள். அருமையான கோவில் பக்கத்திலேயே இருந்தது. மேற்றிராணியாருக்கு விரோதமானவர்களோடு அதற்குள் கூட அவர்களுக்கு மனமில்லை. முதலாம் இன்னோசென்ட் பாப்பானவர் அருளப்பருடைய பக்கமே நின்றார். ஆயினும் ஜூன் மாதம் 20-ந் தேதி அவரை இரண்டாம் முறை நாடுகடத்தினார்கள். அன்றிரவு கோவில் தீப்பற்றி எரிந்தது.

அர்மேனியாவின் மலைநாட்டிலுள்ள கூக்கூசுஸ் என்ற சிற்றூரில் அவர் காவலில் வைக்கப்பட்டார். இனி அவருக்குப் பெருங்கோவிலில்லை, பொற்பாத்திரமில்லை, கைதட்டும் கூட்டமில்லை. குளிரும் காய்ச்சலும் இசவுரிய கொள்ளைக்காரரின் பயமும் இருந்தன. ஆராதனையை அவர் விட்டாரா? அங்கிருந்து ஏறக்குறைய 240 கடிதங்கள் எழுதினார். அவற்றில் 17, தன் பெருஞ்செல்வத்தை ஏழைகளுக்குக் கொடுத்த ஒலிம்பியாஸ் என்னும் விதவைக்கு எழுதப்பட்டவை. பெனீசியாவிலும் பாரசீகத்திலும் வேதம் பரவ வேண்டியதைப்பற்றியும் அந்தக் கடிதங்களில் கவலைப்படுகிறார். ஒலிம்பியாசும் மற்றவர்களும் அவருடைய சுகத்துக்காக அனுப்பிய பணம் தாராளமாய் வந்தது. அதைக்கொண்டு, கொள்ளைக்காரர் பிடித்துப்போன கைதிகளை மீட்டு அவரவர் குடும்பத்துக்கு அனுப்பினார், இல்லாதவர்களுக்குப் பகிர்ந்தார். கணக்கேட்டின் கடைசிப் பக்கங்கள் இவை.

அங்கேயும் ஜனங்கள் அவரைத் தேடி வருகிறார்கள் என்று கண்டு, கருங்கடலோரத்தில் வெகு தூரத்திலுள்ள பித்தியுஸ் என்ற இடத்துக்குக் கொண்டுபோகும்படி 407-ல் கட்டளை பிறந்தது. வெயிலென்றும் மழையென்றும் பாராமல் நோயாளியைக் கால்நடையாய் ஓட்டிச் சென்றார்கள். போந்துஸ் நாட்டில் கோமானாவுக்கு அருகே, அர்ச். பசிலிஸ்குஸ் என்னும் வேதசாட்சியின் சிற்றாலயத்தில் ஓரிரவு தங்கினார்கள். மறுநாள் காலையில், இன்னும் சற்று நேரம் இருக்கவிடுங்கள் என்று அவர் கெஞ்சியும் கேளாமல் நடத்திப்போனார்கள். சிறிது தூரத்திலேயே அவர் தளர்ந்துவிட, திரும்பவும் அந்த ஆலயத்துக்கே கொண்டுவந்தார்கள்.

அங்கே அவர் வெள்ளை வஸ்திரங்களைக் கேட்டு வாங்கி அணிந்துகொண்டார். தாம் அதுவரை உடுத்தியிருந்தவற்றை, பாதரட்சைவரைக்கும், சுற்றி நின்றவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். தேவநற்கருணை உட்கொண்டார். நேர்ந்த எல்லாவற்றுக்காகவும் சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லி, சிலுவை அடையாளம் வரைந்து, பிராணனை விட்டார். அது 407-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14-ந் தேதி. 438-ல் அவருடைய பரிசுத்த சரீரம் தலைநகருக்குத் திரும்பி வந்தபோது, எவுதோக்சியாவின் மகனான இரண்டாம் தெயோதோசியுஸ் சக்கரவர்த்தி அந்தப் பெட்டியின்மேல் முகத்தைச் சாய்த்து, தன் தாய் தகப்பனாருக்காக மன்னிப்பு மன்றாடினான்.

செப்டம்பர் 14-ந் தேதி திருச்சிலுவை மகிமையின் திருநாளாகையால், அர்ச். கிறிசோஸ்தோம் அருளப்பர் திருநாள் 13-ந் தேதியில் கொண்டாடப்படுகிறது. அன்று நம் கோவிலில் காலைப் பூசை வழக்கமான நேரத்துக்கே. வின்சென்ட் தே பவுல் சபையாருடைய அரிசிக் கூடை, வாசலுக்கு வலப்புறம் வைக்கப்பட்டிருக்கும்.